கண்ணாடிச் சட்டத்தில் ஐந்து ஐந்துகள்

விராக்,
அக்டோபர் 12, சனிக்கிழமை

அன்புள்ள டெசிரே,

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போன் பண்ணாதே என்றும் அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாய், அந்த இரண்டையும் காப்பாற்றிவிட்டேன். மூன்றில் இரண்டைக் காப்பாற்றியவளை நீ பாஸ் போட்டுவிட வேண்டும். நானும் அப்பாவும் சௌக்கியம். புயல் நம் தீவைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது, மழை மட்டும் மூன்று நாள் விடாமல் கொட்டியது, கூரைத் தகடு ஒன்றுகூடப் பறக்கவில்லை. பன்றி எங்கள் இரண்டு பேரையும்விடச் சௌக்கியம், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீ அங்கே மணிலாவில் நனையாமல், காய்ச்சல் வராமல், வேளைக்கு ஒரு தட்டு சோறாவது சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதைத்தான் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். போனில் உன் குரல் கேட்டதும் சாப்பிட்டியா, அங்க மழையா என்பதற்கு மேல் நாக்கு நகராது. காகிதத்தில் என்றால் கொஞ்சம் தைரியம் வருகிறது. அதனால் பொறுமையாக முழுவதையும் படி, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

உன் குறுஞ்செய்தி செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் என்னுடைய மூன்றாம் எண் ஜன்னல் முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள், மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். ‘அம்மா, போன வருஷம் கெமிஸ்ட்ரில அஞ்சு. கணக்குல மூணு. இந்த செமஸ்டர் பிசிக்ஸ் கிளாசுக்கு மூணு வாரமா போகல. டாக்டர் எல்லாம் இனி இல்ல. அப்பாகிட்ட சொல்லாத. போன் பண்ணாத, எழுதாத. சாப்பிடறேன், கவலப்படாத.’ இதை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று நீயே ஊகித்துக்கொள். முதலில் கோபம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தது, ஜூனிலேயே தெரிந்ததை அக்டோபரில் சொல்கிறாளே என்று. வரிசையில் நின்றிருந்த பிள்ளை, “மேடம், என் ரசீத தலைகீழா வச்சு முத்திரை குத்திட்டீங்க” என்றான். பார்த்தால் நிஜமாகவே தலைகீழாக இருந்தது. அதைச் சரி செய்து கொடுப்பதற்குள் கோபம் எங்கோ போய்விட்டது. நான்கு மாதத்தில் சொல்லிவிட்டாள் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியது. நன்றி, நெனே, என் மகளே. சாதாரணமாக எழுதுகிற வார்த்தை இல்லை இது. நான் என் அம்மாவிடம் சொல்லவே இல்லை, பதினான்கு வருடம். அந்தக் கதையைத்தான் இப்போது எழுதப் போகிறேன், உன் அப்பாவுக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும்.

நீ வயிற்றில் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, இதே கல்லூரியில் முதல் வருடம், முதல் செமஸ்டர். வகுப்பில் உட்கார முடியாமல் வாந்தி, சீருடைப் பாவாடையில் கொக்கி மாட்டவில்லை. ஒரு நாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு பாடங்களைக் கைவிடும் படிவம் வாங்கப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். அப்போது அந்த ஜன்னலில் இருந்த அம்மாள் நல்லவள்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு வரி இருக்கிறது இல்லையா, அவள் தலையைத் தூக்கி, “என்ன காரணம்மா, சொல்லு, நானே எழுதிக்கறேன்” என்றாள். என் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள், அதில் நம் தெருப் பிள்ளைகள் மூன்று பேர். நான் “பேனா எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன், அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன், திரும்பப் போகவே இல்லை. படிவம் கொடுக்காமல் வகுப்பை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அடிக்கவில்லை, ஐந்து பாடத்துக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டு மதிப்பெண் அட்டையைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல்தான் நீ சிரிக்க வேண்டிய இடம். அந்த அட்டை என் அம்மா கையில் கிடைத்தது. அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எண்கள் மட்டும் தெரியும். கல்லூரியில் ஒன்று என்றால் முதல் தரம், மூன்று என்றால் தப்பித்தோம், ஐந்து என்றால் தோல்வி என்ற தலைகீழ்க் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு அக்கா மானாய் லூர்தெஸ் மகன் போன வாரம்தான் அட்டை வாங்கியிருந்தான், அவனுக்கு மூன்றும் இரண்டே முக்காலும். என் அம்மா என் அட்டையை வேலிக்கு மேல் தூக்கிப் பிடித்து, “லூர்தெஸ், ஒம் மவனுக்கு மூணுதானே? பாரு, எம் மவளுக்கு எல்லாமே அஞ்சு. வாந்தி எடுத்துக்கிட்டே படிச்சிருக்கா” என்றாள். லூர்தெஸ், “அடியாத்தீ, ஒண்ணுகூட நாலுக்குக் கொறையலயே” என்றாள். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லூர்தெஸ் மகன் வந்து அட்டையை வாங்கிப் பார்த்தான், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான், பிறகு அவன் அம்மாவிடம், “ஆமாம்மா, இந்த மாதிரி அட்டை எங்க வகுப்புல வேற யாருக்கும் வரல” என்றான். பொய்யே சொல்லாமல் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனான். இப்போது துபாயில் கிரேன் ஓட்டுகிறான், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். என் அம்மா அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குழந்தை ஏசு சிலைக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவாள். வாத்தியார் யாராவது வந்தால் நான் அதன் மேல் துவைத்த துண்டைத் தொங்கவிடுவேன். அவள் கண் மூடும்வரை அது அங்கேதான் தொங்கியது. அவள் பெருமையைக் கெடுக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம். உன் செய்தியைப் படித்த பிறகுதான் இதை ஒத்துக்கொள்ள முடிகிறது.

உனக்கு ஒன்பது வயதானபோது நான் திரும்பக் கல்லூரியில் சேர்ந்தேன். அந்த ஐந்து ஐந்தும் என் மதிப்பெண் சான்றிதழில் அப்படியே உட்கார்ந்திருந்தன, பத்து வருடத்தில் ஒன்றுகூட மங்கவில்லை. சேர்க்கும்போதே, இதை வைத்துக்கொண்டு சிறப்பு மாணவர் பட்டியலில் உங்களுக்கு இடம் கிடையாது, பாஸ் பண்ணினால் சரி என்று சொல்லிவிட்டார்கள். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை: பழைய காலண்டர் தாளை நறுக்கிச் சீட்டுச் செய்து, ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில் எழுதி, நான் துணி துவைக்கும்போது நீ வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பாய். தப்பாகச் சொன்னால், “அம்மா, அந்தச் சீட்ட அடில வச்சிட்டேன், திரும்ப வரும், தயாரா இரு” என்பாய். ஒரு நாளும் நீ சலித்துக்கொண்டதில்லை, என்னைச் சலித்துக்கொள்ளவும் விட்டதில்லை. முதல் அல்ஜீப்ராத் தேர்வில் எனக்கு மூன்று வந்தது, தப்பித்த மூன்று, நீ தெருவெல்லாம் ஓடி “எங்கம்மா பாஸு” என்று கத்தினாய், என் அம்மாவுக்குக் குழப்பம், “அஞ்சு வாங்கினவ மூணுக்கு எறங்கிட்டாளே, வயசாயிடுச்சு” என்று லூர்தெஸிடம் வருத்தப்பட்டாள். அப்புறம் பட்டமளிப்பு. பட்டம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பெற்றவரில் ஒருவர் நடந்து வர வேண்டும் இல்லையா, என் அம்மா அதற்கு முந்தின வருடமே போய்விட்டாள், அப்பா “எனக்கு சட்ட பத்தாது, நீ போ” என்று உன்னைத் தள்ளிவிட்டார். பதினான்கு வயதில் நீ பெற்றோர் வரிசையில் நடந்தாய். பேண்டு வாத்தியம் முடியும்வரை, பேச்செல்லாம் முடியும்வரை, மூன்று மணி நேரம் என் பக்கத்திலேயே இருந்தாய். என் கை ஈரமாக இருந்தது, உன் கை காய்ந்திருந்தது. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உன் சீட்டுக்கட்டால் வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது அதே ஜன்னலில். படிவம் வாங்க வருகிற பிள்ளைகளிடம் நான் காரணம் கேட்பதில்லை. பேனாவை எடுத்துத் தருகிறேன், “எழுதினா போதும், சொல்ல வேணாம்” என்கிறேன், எழுதும்போது வேறு பக்கம் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான். ஆனால் ஐந்து வருடமாக ஆயிரக்கணக்கான மதிப்பெண் சான்றிதழ்களை அச்செடுத்திருக்கிறேன், யார் எங்கே விழுந்தார்கள், எங்கே எழுந்தார்கள் என்பது என் கண்ணில் தானாகப் படுகிறது. ரொமெல் என்று ஒரு பையன், அவன் அப்பா கடலில் போகிறவர். முதல் வருடம் இரண்டு ஐந்து, ஒரு நான்கு. இரண்டாம் வருடம் பாடங்களைக் குறைத்துக்கொண்டான், கெமிஸ்ட்ரியை மட்டும் திரும்ப எடுத்தான், இரண்டே கால் வந்தது. அப்புறம் அரையாண்டுக்கு அரையாண்டு எண் இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றரை. ஒரு வருடம் தாமதமாகத்தான் பட்டம் வாங்கினான். மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட ஒவ்வொரு முறையும் உறையில் மூடி முத்திரையிட்ட சான்றிதழ் வேண்டும், ஒன்பது முறை வந்தான், ஒன்பது உறையையும் நான்தான் ஒட்டினேன். எட்டு இடத்தில் கிடைக்கவில்லை, ஒன்பதாவது இடத்தில் கிடைத்தது. இப்போது மூன்றாம் வருட மருத்துவ மாணவன். புதன்கிழமை ஏதோ சான்றிதழுக்கு வந்தவனிடம், என் வாழ்க்கையில் முதல் முறையாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நானாகப் பேச்சுக் கொடுத்தேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “மேடம், எட்டு இடத்துல மார்க்கப் பாத்தாங்க. ஒன்பதாவது எடத்துல மட்டும்தான் முதல் வருஷம் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க” என்றான். நீ என்ன சொன்னாய் என்றேன். “புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுன்னு சொன்னேன். இப்ப அந்த வெக்கம் போயிடுச்சான்னு கேட்டாங்க. இல்ல டாக்டர், இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு, ஆனா வெக்கத்தோடயே கேட்டுடறேன்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க” என்றான். உன் கதையை என் மகளுக்கு எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். “தாராளமா எழுதுங்க மேடம், பேனர் மட்டும் வைக்காதீங்க” என்றான். அவன் வீட்டு வாசலிலும் அந்தக் காலத்தில் உன்னுடையதைப் போலவே ‘வருங்கால டாக்டர்’ என்று ஒரு பேனர் தொங்கியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரியில் விழுந்த ஐந்து விழுந்ததுதான், அதை யாராலும் அழிக்க முடியாது, அழிக்கவும் யாரிடமும் கேட்காதே. திரும்ப எடுத்துப் படித்தால் அதற்குக் கீழே இன்னொரு எண் வரும், படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். ஆனால் பிசிக்ஸ் இன்னும் விழவில்லை. உன் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியை அலுவலகக் கணினியில் பார்த்தேன், வேவு பார்த்ததாக நினைக்காதே, எல்லோரும் பார்க்கும்படிதான் போட்டிருக்கிறார்கள். பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை, பதினெட்டாம் தேதி, மாலை ஐந்து மணி. அதற்குள் படிவம் கொடுத்தால் சான்றிதழில் ‘கைவிட்டார்’ என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான். கொடுக்காவிட்டால் மார்ச்சிலோ ஜூனிலோ அல்ல, இந்த டிசம்பரிலேயே இன்னொரு ஐந்து. ஒரு ஐந்தோடு ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடத்திலும் ஐந்து என்றால் முதல் வருடத்தில் தடுமாறினேன் என்று சொல்ல முடியாமல் போய்விடும். உன்னிடம் உண்மையை மறைக்க மாட்டேன், சில மருத்துவக் கல்லூரிகள் ஒரு ஐந்தைப் பார்த்ததுமே உறையை மூடிவிடும், அவை நமக்கு இல்லை என்று வைத்துக்கொள். மற்றவை இருக்கின்றன. மருத்துவ நுழைவுத் தேர்வு தனி, அது இன்னும் ஒன்றரை வருடம் கழித்துத்தான், அதற்கு உன் முதல் வருடம் தெரியாது. அடுத்த செமஸ்டர் ஏழு பாடம் வேண்டாம், நாலு போதும். ஒரு வருடம் கூடுதலானால் ஆகட்டும், நான் பதினோரு வருடம் கூடுதலாக எடுத்துக்கொண்டவள்.

படிவத்தில் பிசிக்ஸ் பேராசிரியர் கையெழுத்து வேண்டும், அதுதான் உனக்கு மலையாக நிற்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரம் கண்ணில் படாமல் ஒளிந்த ஆளிடம் போய் நிற்பது எப்படி என்று நினைப்பாய். அவருக்கு வாரத்தில் இரண்டு மதியம் மாணவர்களைப் பார்க்கும் நேரம் இருக்கும், கதவில் ஒட்டியிருப்பார்கள். போய், சார், மூன்று வாரமாக வரவில்லை, இந்த முறை விட்டுவிடுகிறேன், அடுத்த வருடம் திரும்ப எடுக்கிறேன் என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவர் கேட்டால் பதில் சொல், கேட்காவிட்டால் சும்மா இரு. அழுகை வந்தால் வரட்டும், அழுதுகொண்டு வருகிற பிள்ளையை இந்த நாட்டில் எந்த அலுவலகமும் புதிதாகப் பார்க்கப் போவதில்லை.

டாக்டர் எல்லாம் இனி இல்லை என்று எழுதியிருந்தாய். அது உண்மையிலேயே உன் முடிவு என்றால் எனக்குச் சம்மதம். படிவம் மட்டும் அப்போதும் கொடுக்க வேண்டும், நாளைக்கு நீ எந்தப் படிப்புக்குப் போனாலும் அந்தக் காகிதம் கூடவே வரும். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக வகுப்புக்குப் போகாத பிள்ளை, ஞாயிறு தவறாமல் மானாய் லூர்தெஸின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுச் செய்தி அனுப்புகிறாய். விடுமுறையில் வந்தபோது நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கருவியைத் தினமும் காலையில் கையில் சுற்றிக்கொண்டு வேலிக்கு வருகிறாள். ஆகஸ்டில் நூற்று எண்பது வந்தபோது, உப்பை விடச் சொல்லு, நாளைக்கே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போ, நாளன்னிக்கு இல்ல, நாளைக்கு என்று நீ அனுப்பியதை அப்படியே படித்துக் காட்டினேன். “கருவாடு இல்லாம கஞ்சி குடிக்கறதுக்குப் பேசாம செத்துடலாம், ஒம் மவகிட்ட சொல்லு” என்றாள். ஆனால் போனாள். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்களாம். போன வாரம் என்னிடம், “ஒம் மவ எப்ப டாக்டராவா? அதுக்கு முன்னாடி நான் போயிட்டா யாரு இந்தக் கருவிக்கு பேட்டரி மாத்துறது?” என்று கேட்டாள். கேள்வி உனக்குத்தான். நீயே சொல்லிக்கொள்.

இப்போது பன்றி. தெரு மூலையில் தொங்கிய உன் பேனர் நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன், அதற்குத் தப்பித்துத்தான் ஜூனில் வந்தபோது கடற்கரை வழியாகவே நடந்தாய். ‘எங்கள் வருங்கால டாக்டர் டெசிரே, வாழ்த்துகிறோம்’ என்று கீழே உன் படம் தபால்தலை அளவில், நடுவில் கவுன்சிலர் நோனோயின் முகம் பூசணிக்காய் அளவில். ஒவ்வொரு புயலுக்கும் அப்பா சவாரி டிரைசைக்கிளை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் கழற்றுவார், சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார், புயல் போனதும் சோப்பு போட்டுத் துடைத்துத் திரும்ப மாட்டுவார். போன வியாழக்கிழமையும் கழற்றினார். மழை விட்டது, மாட்டவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவராகவே, “புள்ள போன தடவ கடற்கர வழியா சுத்திக்கிட்டுப் போனா. கால் வலிக்குதுன்னா. கால் வலிக்கிறவ மணல்ல நடப்பாளா?” என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். “அவளுக்கு அது கனக்குது போல, எனக்குத்தான் அறிவில்ல” என்றார். மறுநாள் காலை பன்றிக் கொட்டகைக் கூரை மேல் அதை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டார். கவுன்சிலருக்கு விஷயம் எட்டி, வேகமாக வந்து வேலியில் நின்று, “என்னப்பா, என் மூஞ்சிய பன்னி மேல போட்டிருக்கியாமே?” என்றார். அப்பா பதறவே இல்லை. “ஒழுகுற எடம் பாத்து நடுவுல ஒங்க மூஞ்சியத்தான் வச்சிருக்கேன் கவுன்சிலர். மூணு வருஷமா ஒழுகின கூரை, ஒரு சொட்டு எறங்கல. இந்த ஊர்ல நீங்க செஞ்சு முடிச்ச மொத வேலை இதுதான்” என்றார். கவுன்சிலருக்கே சிரிப்பு வந்துவிட்டது, காபி குடித்துவிட்டுத்தான் போனார். என் வீட்டில் ஒரு அட்டை பதினான்கு வருடம் தொங்கியது, உன் அப்பா ஒன்றரை வருடத்தில் கழற்றிவிட்டார். எனக்கு வாய்த்த மனிதருக்காக அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான். இனி நீ மூலை வழியாகவே வரலாம்.

இந்தப் பெட்டியை நாளைக் காலைக் கப்பலில் தபாகோ துறைமுகம் போய் அங்கிருந்து மணிலா வருகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், திங்கட்கிழமை உன் கைக்கு வரும். தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த சேம்பு இலை மேலே இருக்கிறது, அதை அன்றே சாப்பிட்டுவிடு. கருவாடு இரண்டு சுற்றுக் காகிதத்தில், அறைத்தோழிகள் மூக்கைப் பொத்தினால் அவர்களுக்கும் கொடு. பிலிக் கொட்டை மிட்டாய் பேராசிரியருக்கு இல்லை, உனக்கு, லஞ்சம் கொடுப்பதாக நினைத்துவிடப் போகிறார்கள். அடியில் ஒரு உறை இருக்கிறது, மற்றவர்களுக்கு ஒட்டுவது போலவே மடிப்பின் மேல் முத்திரை போட்டு ஒட்டியிருக்கிறேன். உள்ளே என் அட்டை, அம்மா கண்ணாடிச் சட்டம் போட்ட அதே அட்டை, சட்டம் அழுத்திய கோடு நாலு ஓரத்திலும் தெரியும். அதோடு என் முழு மதிப்பெண் சான்றிதழின் நகல், ஐந்து ஐந்திலிருந்து ஆரம்பித்துக் கடைசிப் பக்கம்வரை. இரண்டையும் கிறிஸ்துமஸுக்கு வரும்போது திரும்பக் கொண்டுவா. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், உன் கண்ணும் வயிறும் நன்றாக இருக்கட்டும், நீ எந்த வரிசையில் நின்றாலும் முகம் நிமிர்ந்து நிற்கும்படி ஆகட்டும். லூர்தெஸுக்கு இன்று காலை நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூறு, ஞாயிறு கேட்பாய் என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணி, மறக்காதே.

உன் சீட்டுக்கட்டால் பாஸ் ஆன,
அம்மா

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன், திரும்பத் திறக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி, முதல் வரியிலேயே எழுத நினைத்து இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன், தலைமை எழுத்தர் காரணம் கேட்கவில்லை. வியாழன் விடிகாலைக் கப்பல் ஏறினால் ராத்திரி பஸ்ஸில் வெள்ளி காலை மணிலா குபாவோ பஸ் நிலையத்தில் இறங்கிவிடலாம், அங்கிருந்து உன் பல்கலைக்கழகத்துக்கு எந்த ஜீப் என்று ரொமெல் எழுதிக் கொடுத்திருக்கிறான். பேராசிரியர் அறைக்குள் வர மாட்டேன். யாரிடமும் எதுவும் பேச மாட்டேன், எனக்குத்தான் பேச வராதே. பேனா இரண்டு கொண்டுவருவேன், ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. நான் வர வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை அனுப்பு, தப்பாக நினைக்க மாட்டேன், விடுப்பை ரத்து செய்துவிட்டு என் ஜன்னலுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு என் வரிசையில் மூன்று மணி நேரம் நீ என் பக்கத்தில் இருந்தாய், நெனே. வெள்ளிக்கிழமை உன் வரிசையில், உன் பக்கத்தில், நான் வந்து நிற்கட்டுமா?